சிலந்தி இல்லாத சிலந்திக் கூடு

எங்கள் மந்தைவெளி வீட்டில் பால்கனியை ஒட்டிய அலமாரியில் இரண்டு அக்ரிலிக் பெட்டிகள் இருக்கின்றன. அரைக்கு மேல் தேங்காய் நார்த்தூள், ஒரு மூலையில் சாய்த்து வைத்த பாதிச் சிரட்டை, இன்னொரு மூலையில் தண்ணீர்க் கிண்ணம், ஓரமாக ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். மேல் மாடி மாமி ஒரு நாள் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல என்னப்பா வளக்கற? ஒண்ணுமே காணோமே!" என்றார். "டரான்டுலா சிலந்திக்கான கூடு மாமி." "சரி, சிலந்தி எங்க?" "சிலந்தி கிடையாது." மாமி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வருவது குறைந்துவிட்டது என்று மனைவி சொல்கிறாள்.

சிலந்தி இல்லாமல் எதற்குக் கூடு என்ற கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

ஆரம்பம் போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. டெக்சாஸில் எம்.எஸ். படிக்கும் அக்கா மகன் வீடியோவில் கூப்பிட்டான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "மாமா, அது செத்துப்போச்சு மாமா" என்றான். 'அது' என்றால் அவன் இரண்டு வருஷமாக வளர்த்த மெக்சிகோ சிவப்பு முட்டி டரான்டுலா. பிராக்கிபெல்மா ஹமோரி என்பது அறிவியல் பெயர். கறுப்பு உடம்பு, கால் முட்டிகளில் ஆரஞ்சு வளையம், பார்க்க அழகாகவே இருக்கும். பண்ணையில் பிறந்த குட்டியாக, ரசீதோடு வாங்கியது. அங்கே அதற்குத் தடை இல்லை.

முந்தின இரவு அது கண்ணாடித் தொட்டியின் சுவரில் ஏறி, மேலே கம்பி வலை மூடியைப் பிடித்துத் தலைகீழாக நடந்திருக்கிறது. கால் நகம் வலையில் சிக்கிக்கொண்டது. இழுத்தது, விடுபட்டது, விழுந்தது. விழுந்த இடம் பீங்கான் தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பு. வயிறு கிழிந்து நிறமற்ற, லேசாக நீலம் பாரித்த திரவம் வழிந்திருக்கிறது. காலையில் கால்களெல்லாம் உள்பக்கமாக மடங்கிக் கிடந்ததாம்.

அவனுக்கு ஆறுதல் சொல்லியிருக்கலாம். நான் இருபது வருஷமாகச் செய்வது வேறு வேலை. சர்வர் விழுந்தால் 'ஏன் விழுந்தது' என்று நாலு பக்கம் எழுதாமல் எங்கள் டீமில் யாரும் தூங்கப் போவதில்லை. அந்தப் புத்தியோடு, "தொட்டி எத்தனை அங்குல உயரம்? மண் எத்தனை அங்குலம் போட்டிருந்தே?" என்றுதான் கேட்டேன். பாவம், அழுதுகொண்டே டேப் எடுத்து அளந்து சொன்னான். தொட்டி உயரம் 12 அங்குலம். தேங்காய் நார்த்தூள் 2 அங்குலம். ஆக, மூடியிலிருந்து தரை வரை 10 அங்குல வெற்றிடம். சிலந்தியின் கால் விரிப்பு, அதாவது முன்கால் நுனியிலிருந்து எதிர்ப்பக்கப் பின்கால் நுனி வரை, 5 அங்குலம்.

கணக்கு பத்தாம் வகுப்புக் கணக்குதான். 10 அங்குலம் என்பது சுமார் 25 செ.மீ. அங்கிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 2.2 மீட்டர், கிட்டத்தட்ட மணிக்கு 8 கிலோமீட்டர். நமக்கு அது ஒன்றுமில்லை. சுவர்ப் பல்லி அதைவிடப் பத்து மடங்கு உயரத்திலிருந்து விழுந்து, வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும். டரான்டுலாவால் ஏன் முடியவில்லை?

இங்கேதான் சிலந்தியின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சிலந்தி உடம்பு இரண்டு பாகம். முன்பாகத்தில் தலையும் நெஞ்சும் சேர்ந்து, கெட்டியான ஓட்டுக்குள் இருக்கின்றன. கால்கள் அங்கிருந்து புறப்படுகின்றன. பின்பாகமான வயிறு மெல்லிய தோல் பை. அதற்குள் இதயம், குடல், முட்டைப் பை, பட்டுச் சுரப்பிகள், நாலு புத்தக நுரையீரல்கள் எல்லாம் அடைத்திருக்கின்றன. தண்ணீர் நிரப்பிய பலூன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ரோமம் இருப்பதால் கெட்டியாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அதோடு, சிலந்தியின் கால் நம் கால் மாதிரி இல்லை. நமக்கு மடக்க ஒரு தசை, நீட்ட ஒரு தசை. சிலந்திக் காலின் முக்கியமான இரண்டு மூட்டுகளில் மடக்கும் தசை மட்டும் உண்டு, நீட்டும் தசை கிடையாது. நீட்டுவதற்கு உடம்புத் திரவத்தை அழுத்தத்தோடு காலுக்குள் செலுத்துகிறது. சாலையோரம் பள்ளம் தோண்டும் ஜேசிபியின் கை நீளுகிற அதே தத்துவம். செத்த சிலந்தி ஏன் எப்போதும் காலை உள்ளே மடக்கிக்கொண்டு கிடக்கிறது என்பதற்கும் இதுவே காரணம்: அழுத்தம் போய்விட்டது, மடக்கும் தசை மட்டும் மிச்சம். வயிறு கிழிந்தால் வெறும் ரத்தம் போவதில்லை, மொத்த ஹைட்ராலிக் அமைப்பும் காலியாகிறது. அந்தத் திரவத்தின் நீலத்துக்குக் காரணம் ஹீமோசயனின். நம் ரத்தத்தில் இரும்பு செய்கிற வேலையைச் சிலந்தியில் தாமிரம் செய்கிறது.

மரத்தில் வாழும் இனங்கள் ஒல்லியானவை, பாதத்தில் ஒட்டும் ரோமங்கள் அகலமாக இருக்கும், விழுந்தாலும் சமாளிக்கும். சிவப்பு முட்டி தரையில் வளை தோண்டி வாழ்வது. கனத்த வயிறு. மெக்சிகோ புதர்க்காட்டில் அது விழக்கூடிய உயரமே குறைவு. அதை 10 அங்குலக் கண்ணாடிக் கிணற்றில் விட்டது நாம்.

தரைவாழ் இனத்துக்கு வளர்ப்பாளர்கள் சொல்லும் விதி எளிமையானது: மண் மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே உள்ள இடைவெளி, சிலந்தியின் கால் விரிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக்கூடாது. 5 அங்குலச் சிலந்திக்கு ஏழரை அங்குலம். அதிலும் குறைவாக வைத்தால் இன்னும் நல்லது. மருமகனுடைய அதே தொட்டியில் நார்த்தூளை 2 அங்குலத்துக்குப் பதில் 6 அங்குலம் கொட்டியிருந்தால் போதும். கிலோ கணக்கில் வாங்கினாலும் பெரிய செலவில்லை. வாங்கும்போது கடைக்காரர் சொல்லவில்லை, அவன் கேட்கவுமில்லை. தொட்டி உயரமாக இருந்தால் சிலந்திக்கு 'இடம் தாராளம்' என்று நினைத்திருக்கிறான். நாய்க்கும் கிளிக்கும் பொருந்துகிற நினைப்பு அது. டரான்டுலாவுக்கு உயரம் பரிசில்லை, ஆபத்து.

கம்பி வலை மூடி இரண்டாவது தவறு. டரான்டுலாவின் பாத நுனியில் பூனைக்கு இருப்பது போல உள்ளிழுக்கும் நகங்கள் உண்டு. மெல்லிய கம்பி வலையில் அவை மாட்டிக்கொள்ளும். சில சமயம் காலையே கழற்றிவிட்டுத் தப்பும். அடுத்தடுத்த தோலுரிப்புகளில் கால் திரும்ப முளைக்கும் என்றாலும் அது வேண்டாத விபத்து. ஓட்டை போட்ட அக்ரிலிக் மூடிதான் சரி. மூன்றாவது, கூர்விளிம்புள்ள பீங்கான். கிண்ணத்தை மண்ணில் விளிம்பு வரை புதைத்திருக்க வேண்டும். கல், உடைந்த பானை என்று அலங்காரம் வைக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் இது பொருந்தும்.

அறிக்கையை எழுதி முடித்து மருமகனுக்கு அனுப்பினேன். ரெண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், "மாமா, அப்போ நான்தான் கொன்னேன், இல்ல?" என்று ஒரு வரி. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் அலுவலகத்தில் இந்த அறிக்கைகளில் ஆள் பெயர் எழுத மாட்டோம். அமைப்பில் எங்கே ஓட்டை என்று மட்டும்தான் எழுதுவோம். அதை அவனிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன், தாமதமாக.

அவன் மறுபடி ஒன்று வாங்கப் போவதாகவும், இந்த முறை கூட்டை என்னோடு சேர்ந்து வடிவமைப்பதாகவும் முடிவானது. அவன் அங்கே செய்வதற்கு முன் நான் இங்கே மாதிரி செய்து பார்ப்பது என்று ஏற்பாடு. மயிலாப்பூரில் பெயர்ப்பலகை செய்பவரிடம் அக்ரிலிக் வெட்டி ஒட்டி வாங்கினேன். "மீன் தொட்டியா சார்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் கொடுக்கும் தெம்பு இல்லை.

உயரப் பிரச்சினை காகிதத்திலேயே தீர்ந்துவிட்டது. காற்றோட்டம்தான் என்னை மூன்று மாதம் பிடித்து வைத்தது. டரான்டுலாவின் புத்தக நுரையீரல் என்பது பெயருக்கேற்ற மாதிரி புத்தகத்தின் தாள்கள் போல அடுக்கடுக்கான மெல்லிய இலைகள். ஒன்றின் இடுக்கில் காற்று, அடுத்ததன் உள்ளே ரத்தம். நம்மைப் போல நெஞ்சை விரித்துக் காற்றை இழுக்காது. காற்று தானாகப் பரவி வர வேண்டும். அதனால் கூட்டுக்குள் காற்று தேங்கினால் கஷ்டம். ஈரம் அறவே போய்விட்டாலும் கஷ்டம். பழைய வளர்ப்புக் கையேடுகள் 'ஈரப்பதம் இத்தனை சதவீதம்' என்று எண்ணைப் பிடித்துக்கொண்டு, மூடியை இறுக்கி, தினமும் தண்ணீர் தெளிக்கச் சொல்லும். தண்ணீர்க் கிண்ணத்தில் ஸ்பாஞ்ச் போடச் சொல்லும். இப்போது அனுபவசாலிகள் ரெண்டையும் செய்வதில்லை. ஸ்பாஞ்சில் கிருமிதான் வளரும்.

என் ஒரு பெட்டியில் மூடியில் மட்டும் ஓட்டை போட்டேன். மற்றதில் ஒரு பக்கச் சுவரில் மண்மட்டத்துக்குச் சற்று மேலேயும், எதிர்ச் சுவரில் மூடிக்குச் சற்றுக் கீழேயும் போட்டேன். ஓட்டைகளின் எண்ணிக்கை, அளவு, நார்த்தூள், ஊற்றிய தண்ணீர் எல்லாம் ஒன்றே. நவம்பர் மாதம், வெளியே மழை. முதல் பெட்டியில் எட்டாம் நாள் சிரட்டையின் உள்பக்கம் வெள்ளைப் பூஞ்சை. பன்னிரண்டாம் நாள் மண் மேல் பஞ்சு விரித்த மாதிரி. இரண்டாவது பெட்டியில் மாதம் முடியும்வரை ஒன்றும் இல்லை. ஈரப்பத மீட்டர் ரெண்டிலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அதாவது மீட்டரை நம்பியிருந்தால் ரெண்டும் ஒன்று என்றே நினைத்திருப்பேன். வித்தியாசம் எண்ணில் இல்லை, காற்று நகர்கிறதா என்பதில் இருந்தது. நம் பாட்டி வீட்டில் முன்வாசலுக்கும் கொல்லைக்கதவுக்கும் நேர்கோடு வைத்ததும், மேலே சாளரம் விட்டதும் இதே காரியத்துக்குத்தான்.

பிறகு மண்ணைப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும், அதுவும் அடியில் போய்ச் சேரும்படி ஓரமாகத் தண்ணீர் ஊற்றி நனைத்தேன். மறுபாதி காய்ந்தே இருக்கட்டும். சிலந்திக்கு எது வேண்டுமோ அதை அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். நமக்கு எண் தெரியாவிட்டால் பரவாயில்லை, அதற்குத் தெரியும். சிவப்பு முட்டி மாதிரி வறண்ட பகுதி இனத்துக்கு இது தாராளம்.

ஓட்டையின் அளவு ஒரு தனிக் கதை. வளர்ந்த சிலந்தியின் வயிறு பெரிதாக இருப்பதால் அது நுழைய முடியாது என்று நினைத்து ஓட்டையைப் பெரிதாக விடுகிறவர்கள் உண்டு. வயிறு பலூன் என்று சொன்னேனே, பலூன் நசுங்கும். கெட்டி ஓடுள்ள முன்பாகம் நுழைந்தால் முழுச் சிலந்தியும் நுழைந்துவிடும். ஆகவே அளக்க வேண்டியது முன்பாகத்தை, ஓட்டை அதைவிட நன்றாகச் சின்னதாக. மூடிக்கு வெறும் எடை போதாது. கொக்கியோ காந்தமோ வேண்டும். டரான்டுலா நாம் நினைப்பதைவிட பலமாகத் தள்ளும்.

சூடாக்கும் விளக்கு, சூட்டுக்கல் எதுவும் தேவையில்லை. சென்னையில் சொல்லவே வேண்டாம். குளிர் ஊரிலும் அறையைச் சூடாக்கினால் போதும் என்கிறார்கள். டரான்டுலா சூட்டிலிருந்து தப்ப மண்ணுக்குள் இறங்கும் பிராணி. கீழே சூட்டுப்பட்டை வைத்தால் தப்பிப் போகிற இடமே அடுப்பாகிவிடும்.

எங்கள் ஊருக்கென்று ரெண்டு ஆபத்து தனியாக உண்டு, வெளிநாட்டுக் கையேடுகளில் பெரிதாக இருக்காது. முதலாவது எறும்பு. தோலுரித்துக் கிடக்கும் சிலந்தியை எறும்புக் கூட்டம் தின்றுவிடும். அதற்காக எறும்பு சாக்பீஸைச் சுற்றிக் கோடு போட்டால் கதை முடிந்தது. அந்த சாக்பீஸிலும், கொசுவர்த்தித் திரவத்திலும், ஸ்பிரேயிலும் இருப்பது பைரெத்ராய்டு வகை நஞ்சு. பூச்சியின் நரம்பை முறிக்கிற மருந்து சிலந்தியின் நரம்பையும் முறிக்கும். மாலையில் மாநகராட்சிப் புகை வண்டி தெருவில் வந்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும். பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவதுதான் எறும்புக்கு ஒரே மருந்து, பழைய காலத்து சாப்பாட்டு அலமாரிக்குச் செய்த மாதிரி.

தோலுரிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. டரான்டுலா வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்ற வேண்டும். அதற்காக மல்லாக்கப் படுத்துக்கொள்ளும், மணிக்கணக்கில் அசையாது. முதல்முறை பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்று குப்பையில் போட்டதுண்டு. மல்லாந்து கிடந்தால் தோலுரிக்கிறது. குப்புற இருந்து கால்கள் அடியில் மடங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அந்த நேரத்தில் கூட்டைத் தொடக்கூடாது. உள்ளே தின்னாமல் விட்ட சில்வண்டு இருந்தால் அதுவே சிலந்தியைக் கடித்துவிடும். இரை ஒரு நாளுக்குள் சாப்பிடப்படாவிட்டால் வெளியே எடுத்துவிட வேண்டும் என்பது அதனால்தான்.

மனிதருக்கான பாதுகாப்பும் கூட்டில்தான் தொடங்குகிறது. அமெரிக்கக் கண்டத்து டரான்டுலாக்கள் பலவற்றுக்கு வயிற்றில் முள்ரோமம் உண்டு. மிரண்டால் பின்காலால் தேய்த்துக் காற்றில் விசிறும். 2009ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒருவர் சிவந்த கண்ணோடு மருத்துவமனைக்குப் போனார். மருந்து கேட்கவில்லை. உருப்பெருக்கிப் பார்த்தபோது கருவிழியில் நுண்ணிய ரோமங்கள் குத்தியிருந்தன. கூட்டின் கண்ணாடியில் கறையைத் துடைக்கும்போது பின்னால் இருந்த சிலந்தி விசிறிவிட்டது என்று அப்புறம்தான் அவருக்கு நினைவு வந்தது. லான்செட் இதழில் வந்த விஷயம். அதனால் மருமகனின் புதுக்கூட்டில் முகத்தைக் குனியாமல் திறக்கிற மாதிரி மூடி, நீளமான இடுக்கி, கண்ணாடி மூன்றும் கட்டாயம்.

இவ்வளவு செய்தபின் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று யூகித்திருப்பீர்கள். என் பெண்ணுக்கு 12 வயசு. "அப்பா, கூடு ரெடியா இருக்கு. ஒண்ணு வாங்கலாமே?" என்றாள். சொல்லப்போனால் எனக்கும் ஆசைதான். தேடினேன். அரை மணி நேரத்தில் ஒருவர் கிடைத்தார். படம் அனுப்பினார். உலோக நீலத்தில் மின்னும் ஒரு சிலந்தி. "கூட்டி சபையர் சார், நம்ம நாட்டு ஐட்டம், பேப்பர் எதுவும் தேவையில்ல."

'நம்ம நாட்டு ஐட்டம்' என்ற அந்த வார்த்தைதான் என்னை நிறுத்தியது.

அந்த நீலச் சிலந்தி பொசிலோதீரியா மெட்டாலிகா. 1899ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் போகாக் என்ற ஆய்வாளர் பெயரிட்டது. அவருக்குக் கிடைத்தது ஆந்திராவின் கூட்டி ரயில் நிலையத்து மரக்கிடங்கில் பிடிபட்ட மாதிரி. மரக்கட்டையோடு ரயிலேறி வந்திருக்கலாம் என்பது கருத்து. அதே கட்டுரையில் அவர் பெயரிட்ட இன்னொரு சிலந்தி பொசிலோதீரியா ரீகாலிஸ், நம்ம அரக்கோணத்தில் கிடைத்தது. கூட்டி, அரக்கோணம் ரெண்டும் மெட்ராஸ்-பம்பாய் ரயில் பாதை என்பதைக் கவனியுங்கள். அக்காலத்து விலங்கியல் வரைபடத்தை ரயில்வே கால அட்டவணை மேல் வைத்துப் பார்த்தால் நிறையப் புரியும். நீலச் சிலந்தியை அதன்பிறகு நூறு வருஷத்துக்கு மேல் யாரும் பதிவு செய்யவில்லை. 2001 வாக்கில் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவேயுள்ள காட்டில் மறுபடி கண்டார்கள். சில வருஷங்களிலேயே ஐரோப்பா, அமெரிக்கா வளர்ப்பாளர்களிடம் அது பரவிவிட்டது. 2008ல் ஐயூசிஎன் சிவப்புப் பட்டியலில் 'மிக அருகிய' இனம் என்று சேர்ந்தது. மதிப்பிட்டவர்களில் கோயம்புத்தூரைச் சேர்ந்த சஞ்சய் மோலூர், மஞ்சு சிலிவால் ஆகியோர் உண்டு. அந்த மதிப்பீட்டின்படி அது வாழும் இடம் 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. சென்னை மாநகராட்சியின் எல்லையே அதைப் போல நாலு மடங்கு.

இந்தக் குடும்பம் நமக்கு அந்நியமே இல்லை. ராமேஸ்வரத்தில் ஒன்று உண்டு, பொசிலோதீரியா ஹனுமாவிலாசுமிகா. 2004ல் ஆண்ட்ரூ ஸ்மித் பெயரிட்டார். முதல் மாதிரி கிடைத்த அனுமன் கோவிலின் பெயரையே வைத்தார். அங்குள்ள புளியந்தோப்புப் பொந்துகளில் வாழ்கிறது. அதுவும் மிக அருகிய இனம். கடலுக்கு அந்தப்பக்கம் மன்னாரிலும் பிறகு கண்டார்கள். ஈழத்தில் இந்த வகையைப் புலிமுகச் சிலந்தி என்பார்கள், சிங்களத்தில் திவி மகுளுவா, சிறுத்தைச் சிலந்தி. போர் முடிந்த கையோடு 2009ல் மாங்குளம் பக்கம் ஊர்க்காரர்கள் அடித்துக் கொன்ற ஒரு சிலந்தியை ஆய்வாளர்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ரணில் நாணயக்கார குழுவினர் தேடிப்போய், மாங்குளம் மருத்துவமனையின் பழைய டாக்டர் குவார்ட்டர்ஸிலும் மரங்களிலும் சிலவற்றைக் கண்டார்கள். கால் விரிப்பு 20 செ.மீ. வரை. 2012ல் புது இனமாக அறிவித்து, உதவி செய்த காவல் ஆய்வாளர் மைக்கேல் ராஜகுமார் புராஜாவின் பெயரால் பொசிலோதீரியா ராஜேயி என்றார்கள்.

போன வருஷம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போனபோது, தீர்த்தமெல்லாம் முடிந்து ஒரு புளியந்தோப்பு ஓரம் நின்று பொந்து பொந்தாக டார்ச் அடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. தோப்புக்காரப் பெரியவர் என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். "அதுவா? வரிவரியா இருக்கும். பாத்தா அடிச்சிருவோம்ல" என்றார். கடித்தால் என்னவாகும் என்று கேட்டார். கடித்தால் உயிர் போனதாகப் பதிவு இல்லை, ஆனால் தசைப் பிடிப்பு நாள்கணக்கில் இருக்கும் என்றேன். ஆசியச் சிலந்திகளுக்கு முள்ரோமம் இல்லை, அதற்குப் பதில் கடி கொஞ்சம் கடுமை. "மரத்த விட்டு இறங்காதுங்க ஐயா" என்று சேர்த்துச் சொன்னேன். தலையாட்டினார். அடிப்பதை விட்டாரா என்பது எனக்குத் தெரியாது.

சட்டத்துக்கு வருகிறேன். பொசிலோதீரியா பேரினம் முழுவதும் 2019ல் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஏறியது. முன்மொழிந்த நாடுகளில் இலங்கை ஒன்று. சிவப்பு முட்டிகள் 1985லிருந்தே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது சைட்ஸ் பட்டியல் உயிரினங்களுக்கென்று நான்காம் அட்டவணையைச் சேர்த்தது. வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், பெருக்குபவர் உரிமம் பெற வேண்டும். 2024ல் வந்த விதிகளின்படி பரிவேஷ் தளத்தில் பதிவு. பட்டியலில் இல்லாத வெளிநாட்டுச் சிலந்தி என்றாலும் இறக்குமதி உரிமமும் விலங்கு நலத் தனிமைப்படுத்தல் ஆவணமும் இல்லாமல் கொண்டுவர முடியாது. 'பேப்பர் எதுவும் தேவையில்ல' என்பவரிடம் இருப்பது ஒன்று கடத்தல், இல்லை காட்டிலிருந்து பிடுங்கியது.

2021 ஜூலையில் சென்னையில் நடந்தது நினைவிருக்கலாம். போலந்திலிருந்து வெளிநாட்டு அஞ்சலகத்துக்கு ஒரு பார்சல். சுங்கத்துறையினர் பிரித்தால் தெர்மோகோல் பெட்டி. உள்ளே வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சின்னக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் உயிருள்ள ஒரு சிலந்தி. வனவிலங்குக் குற்றத்தடுப்புப் பிரிவையும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தையும் கூப்பிட்டார்கள். அந்த மையம் சாந்தோம் நெடுஞ்சாலையில், என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. பிராக்கிபெல்மா உள்ளிட்ட அமெரிக்கக் கண்டத்து டரான்டுலாக்கள் என்று அடையாளம் சொன்னார்கள். இறக்குமதி உரிமம் இல்லை, நலச் சான்று இல்லை. வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பும்படி பரிந்துரைத்து அஞ்சல் துறையிடம் ஒப்படைத்தார்கள்.

அந்தச் செய்தியை அன்று படித்தபோது 'என்னென்னவோ கடத்துகிறார்கள்' என்று சிரித்துவிட்டுப் போனேன். இந்த மூன்று மாதப் பெட்டி வேலைக்குப் பின் திரும்பப் படித்தபோது அந்தக் குப்பிகள்தான் கண்ணில் நின்றன. குட்டிச் சிலந்தியை அனுப்புவதற்கு நெருக்கமான குப்பியும் பஞ்சும்தான் சரியான முறை. இடம் குறைவென்றால் உருளாது, விழாது. அனுப்பியவருக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. என் மருமகனுக்குத் தெரியாத விஷயம் அந்தக் கடத்தல்காரருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அதே குப்பிக்குள் அத்தனையும் மறுபடி போலந்து வரை போக வேண்டும். எத்தனை போய்ச் சேர்ந்தன என்று நான் எங்கும் படிக்கவில்லை.

நீலச் சிலந்திக்காரருக்கு வேண்டாம் என்று பதில் போட்டேன். "சார், ரேட் குறைச்சுக்கலாம்" என்றார். எண்ணைத் தடுத்துவிட்டேன். பெண்ணிடம் சொன்னபோது ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சட்டப்படி ஒன்றை வாங்கினால் எத்தனை வருஷம் இருக்கும் என்று கேட்டாள். சிவப்பு முட்டியில் பெண் 20 வருஷத்துக்கு மேலும் வாழும், ஆண் அதில் பாதிகூட இல்லை என்றேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "அப்போ எனக்கு 32 ஆயிடும். நான் எங்க இருப்பேனோ! நீதான் பாத்துக்கணும்" என்றாள். எனக்கு அப்போது வயசு என்ன இருக்கும் என்று நானும் எண்ணினேன்.

மருமகனுடைய புதுச் சிலந்தி அளவில் சின்னது, கால் விரிப்பு 3 அங்குலம். கூட்டில் மண்ணிலிருந்து மூடி வரை 4 அங்குல இடைவெளி. இரண்டு எதிர்ச் சுவரில் ஓட்டை, காந்த மூடி, விளிம்பு வரை புதைத்த பிளாஸ்டிக் கிண்ணம். விட்ட முதல் வாரமே சிரட்டைக்கு அடியில் வளை தோண்டி, வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. ஒன்றரை மாதமாக அவன் கண்ணில் படவேயில்லை. "மாமா, காலி டப்பாவைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்" என்கிறான். தோலுரிப்புக்குத் தயாராகிறது, தொந்தரவு செய்யாதே என்றிருக்கிறேன்.

என் ரெண்டாவது பெட்டியில் இப்போது ஏப்ரல் மாதத்துக்கான ஈரப்பதக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. மின்வெட்டு வந்தால் உள்ளே வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்று மே மாதம் பார்க்க வேண்டும். முதல் பெட்டியைக் கழுவி, பெண் அதில் கீரை விதை போட்டிருக்கிறாள்.